ஐசியூவை விட்டு பிஎம்எச்என்பி படிக்கப் போகலாமா?

கேள்வி, 2023 பிப்ரவரி 11

நியூஜெர்சியில் ஐசியூ நர்ஸ். சொந்த ஊர் பொள்ளாச்சி. ஆறு வருஷமா ஆளுங்களைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு இடுப்பு போச்சு. கூட வேலை பார்க்கிற மலையாளிப் பொண்ணுங்க நாலு பேர் பிஎம்எச்என்பி, அதாவது மனநல நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புல சேர்ந்துட்டாங்க. ஆன்லைன்லயே படிக்கலாம், ரெண்டு வருஷம்தான், அப்புறம் வீட்டுல உட்கார்ந்து வீடியோவுல பேஷன்ட் பார்த்து மாத்திரை எழுதினா போதும், சம்பளமும் ஜாஸ்திங்கிறாங்க. சைக்கியாட்ரி வார்டுல நான் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. சேரலாமா?

2023 பிப்ரவரி 12

சேரலாம். நான் ஹூஸ்டனில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டே இதைத்தான் படிக்கிறேன், இப்போது இரண்டாவது செமஸ்டர். சைக்கியாட்ரி அனுபவம் இல்லையே என்று கவலைப்படாதீங்க. எனக்கும் கிடையாது. பதினோரு வருஷம் டெலிமெட்ரி வார்டு, பேஷன்ட்டின் இதயத் துடிப்பைத் திரையில் கண்காணிக்கிற இடம். இதயம் தெரிந்தவளுக்கு மனசு தெரியாதா?

பிஎஸ்சி நர்சிங்கும் அமெரிக்க ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸும் இருந்தால் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். ஊரில் வாங்கிய டிகிரியை மறுபடியும் பாடவாரியாக மதிப்பிட்டு அனுப்பச் சொல்வார்கள் சில காலேஜில். வரும்போது ஒரு தடவை செய்ததுதானே என்று கேட்டால் பதில் வராது, பில் வரும். வகுப்பு ஆன்லைன். ஆனால் கிளினிக்கல் ஆன்லைன் இல்லை, நேரில் போய் 500 மணி நேரம் உட்கார வேண்டும். அதன் பிறகு நர்ஸ்களுக்குச் சான்றிதழ் தருகிற ஏஎன்சிசி அமைப்பின் தேர்வு, 200 கேள்வி. முடிந்தது கதை.

2023 பிப்ரவரி 12, இரவு

ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எழுதியது, இரண்டு தப்பு. தேர்வு 175 கேள்வி, மூன்றரை மணி நேரம். அதிலும் 25 கேள்விக்கு மார்க் கிடையாது. அடுத்தடுத்த தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கிற கேள்விகள். எந்த 25 என்று சொல்ல மாட்டார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் சமமாக வியர்க்க வேண்டியதுதான்.

500 மணி என்றது தேர்வு எழுதத் தேவையான குறைந்தபட்சம். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கென்று 2022இல் வந்த தேசியப் பணிக்குழுத் தரநிலை 750 என்கிறது. காலேஜ்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. எனக்கு 600. எனக்கு அடுத்த பேட்சுக்கு 750. முன்னாடியே சேர்ந்தது நல்லதாப் போச்சு என்று குதித்தேன். இந்தக் குதிப்பைப் பற்றிப் பின்னால் எழுதுவேனோ என்னவோ.

2023 பிப்ரவரி 15

விசா பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: கிரீன் கார்டு இருந்தால் அரசுக் கல்விக் கடன் கிடைக்கும், எச்1பிக்குக் கிடையாது. படித்து முடித்து டாக்டர் இல்லாத ஊர்ப்பக்கம் வேலை பார்த்தால் கடனைத் தேசிய சுகாதாரப் பணிப்படை அடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. நான் இதைக் கண்டுபிடித்தது சேர்ந்த பிறகு. வீட்டுக்காரர் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

2023 மே 20

இந்த செமஸ்டர் மருந்தியல். எந்தச் சிறப்புத் துறை என்பி (நர்ஸ் பிராக்டிஷனர்) ஆனாலும் மூன்று பாடம் கட்டாயம்: நோய் உடலியல், உடல் பரிசோதனை, மருந்தியல். இங்கிலீஷில் மூன்றும் ‘பி’யில் தொடங்குவதால் சீனியர்கள் மூணு ‘பி’ என்பார்கள். மனநலம்தானே, சிறுநீரகம் எதற்கு என்று முதல் வாரம் முனகினேன். மனநிலை ஏறி இறங்கும் நோய்க்குத் தருகிற லித்தியம் கிட்டத்தட்ட முழுக்க சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது என்று இரண்டாவது வாரம் வாயை அடைத்தார்கள்.

ஆர்என் ஆக இருக்கும்போது ஒரு மாத்திரையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்றுதான் யோசித்திருக்கிறேன். எதைக் கொடுப்பது என்று யோசித்ததே இல்லை. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், இல்லை. ஒரு உதாரணம், மனநிலையை நிலைப்படுத்துகிற லாமோட்ரிஜின். இரண்டு வாரம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50, அப்புறம்தான் மேலே. வேகமாக ஏற்றினால் தோல் உரிந்து உயிரே போகிற அளவுக்குத் தடிப்பு வரலாம். அதே ஆள் வால்ப்ரோயேட் என்கிற இன்னொரு மருந்தும் சாப்பிட்டால் இந்தக் கணக்கைப் பாதியாக்க வேண்டும். நடுவில் சில நாள் மாத்திரை விட்டுப்போனால் மறுபடி அடியிலிருந்து. மளிகைக்கடை பாக்கி மாதிரி ஒவ்வொரு ஆளுக்கும் மனசில் கணக்கு ஓட வேண்டும்.

‘இதயம் தெரிந்தவள்’ என்று அன்றைக்கு ஜம்பம் அடித்தது ஓரிடத்தில் மட்டும் உதவியது. மனச்சோர்வுக்கான சிட்டலோப்ராம் ஈசிஜியில் க்யூடி என்கிற இடைவெளியை நீட்டும், அதனால் 40 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, 60 வயது தாண்டியவருக்கு 20 தான். வகுப்பில் நான் மட்டும் கை தூக்கினேன். அந்த ஒரு நாள்.

2023 செப்டம்பர் 9

பிரிசெப்டர் வேட்டை. சேர்வதற்கு முன் என்னிடம் யாரும் சரியாகச் சொல்லாதது இதுதான், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

கிளினிக்கலில் நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிற என்பியோ சைக்கியாட்ரிஸ்டோதான் பிரிசெப்டர். ஊரில் காலேஜ் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார்கள், இங்கே அந்தப் பேச்சே கிடையாது. நானே தேட வேண்டும். ‘உதவி செய்வோம்’ என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். உதவி என்பது ஒரு எக்செல் ஷீட். அதில் இருந்த நம்பர்களில் பாதி பேர் ரிட்டயர்ட், ஒருவர் காலமாகிவிட்டார்.

ஜூனிலிருந்து 63 மெயில் அனுப்பினேன். வந்த பதில் நான்கு. இரண்டு பேர் ‘இடமில்லை’. ஒருவர் மணிக்கு இவ்வளவு டாலர் என்று விலை சொன்னார், முதல் முறை படித்தபோது அவர் எனக்குக் கொடுப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நான்காவது ஆள் சரி என்றார், காகிதமெல்லாம் கையெழுத்தானது, வகுப்பு ஆரம்பிக்க பன்னிரண்டு நாள் இருக்கும்போது கிளினிக் கைமாறிவிட்டது, மாணவர்கள் வேண்டாம் என்று ஒரு வரி மெயில். அந்த செமஸ்டர் போச்சு. பிரிசெப்டர் பிடித்துத் தருவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, அந்தக் காசுக்கு ஊரில் ஒரு வருஷ ஃபீஸே கட்டிவிடலாம்.

கடைசியில் எப்படிக் கிடைத்தது என்றால், என் வார்டுக்கு ராத்திரி வந்த ஒரு மனநல என்பியிடம் காபி இயந்திரம் பக்கத்தில் நின்று நேரடியாகக் கேட்டேன். “மெயில்ல கேட்டிருந்தா பார்த்திருக்கவே மாட்டேன்” என்றார். ஜனவரியில் தொடக்கம்.

2023 செப்டம்பர் 10

மேலே ஒரு டாக்டர் ஐயா எழுதியிருக்கிறார், ‘நாலு வருஷம் ரெசிடென்சி செய்கிறோம், நீங்கள் ஆன்லைனில் படித்து 600 மணி நேரத்தில் எங்கள் வேலையைச் செய்ய வருகிறீர்கள்’ என்று. ஐயா, டெக்ஸாஸில் எத்தனை கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு சைக்கியாட்ரிஸ்ட்கூட இல்லை என்று பார்த்துவிட்டு வாருங்கள். 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் முதல் என்பி பயிற்சியை ஆரம்பித்தபோதும் இதே பேச்சுதான். அதில் ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் டாக்டர். வேலை நடந்தது. இதற்கு மேல் நான் பதில் எழுதப் போவதில்லை.

2024 ஜனவரி 27

கிளினிக்கல் மூன்றாவது வாரம். மானம் போன கதை.

ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்துகளை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வாய், நாக்கு, விரல் தானாக அசைகிற பிரச்சினை வரலாம், டார்டிவ் டிஸ்கினீசியா. அதைப் பார்க்க எய்ம்ஸ் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் இல்லை. பேஷன்ட்டைக் கை வைக்காத நாற்காலியில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டச் சொல்ல வேண்டும், வலது கை, இடது கை. சூட்சுமம் என்னவென்றால், அவர் விரலைத் தட்டும்போது நாம் விரலைப் பார்க்கக் கூடாது. முகத்தையும் காலையும் பார்க்க வேண்டும். கவனம் விரலுக்குப் போனதும் அடக்கி வைத்த அசைவு வாயில் வெளியே வரும்.

எனக்கு இது மனப்பாடம். வயதானவர், இருபது வருஷமாக மருந்து. உட்கார்ந்ததிலிருந்தே தாடை ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக மார்க் போட்டு, மிதமானது என்று எழுதி, மருந்தை மாற்ற வேண்டும் என்று பெரிய குறிப்பும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரிசெப்டர் உள்ளே வந்தார், குனிந்து பார்த்தார், ஒரே கேள்வி கேட்டார்: “வாயில என்ன வெச்சிருக்கீங்க?”

சூயிங் கம்.

எய்ம்ஸ் படிவத்தில் ஆரம்பத்திலேயே இருக்கிற கேள்வி அது. வாயில் கம், மிட்டாய் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எடுக்கச் சொல். அடுத்தது பல்செட் சரியாகப் பொருந்துகிறதா. இரண்டையும் தாண்டிக் குதித்து நேராக நோய்க்குப் போய்விட்டேன். எங்கள் ஊர்ப் பாட்டியைப் பார்த்திருந்தால் வெற்றிலைக்கும் மார்க் போட்டிருப்பேன்.

2024 ஜனவரி 28

‘கம்மைத் துப்பின பிறகு அசைவு இருந்ததா?’ என்று கேட்டவருக்கு: இருந்தது. லேசாக, நாக்கில் மட்டும். கம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. ஆக நான் சொன்ன நோய் சரி, பார்த்த இடம் தப்பு. இதற்கு மார்க் கிடையாது என்றார் பிரிசெப்டர்.

2024 மார்ச் 16

தேர்வுக்கு உட்கார மருந்து மட்டும் போதாது, குறைந்தது இரண்டு வகைப் பேச்சு சிகிச்சையிலாவது பயிற்சி இருக்க வேண்டும் என்கிறது ஏஎன்சிசி. இதை நான் ‘சும்மா பேசுவதுதானே’ என்று விட்டிருந்தேன்.

நடிகர் ஒருவர் பேஷன்ட்டாக உட்காருவார், 20 நிமிஷம் நாம் பேச வேண்டும், வீடியோ எடுப்பார்கள். அன்றைக்கு அவர் குடியை விட முடியாதவர். நான் பேசியதை நானே பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். பார்த்தேன். அவர் வாயைத் திறந்தவுடன் நான் தீர்வு சொல்கிறேன். அவர் மூச்சு விடுகிறார், நான் அடுத்த தீர்வு. முழு வீடியோவில் நான் தொடர்ந்து வாயை மூடியிருந்த நீண்ட நேரம் நாலு செகண்ட், அதுவும் இருமல் வந்ததால். டெலிமெட்ரியில் அலாரம் அடித்தால் ஓட வேண்டும். பதினோரு வருஷம் ஓடியவளை உட்காரச் சொன்னால் உட்கார வராது.

அன்றைக்கு ராத்திரி கீழ்ப்பாக்கம் ஞாபகம் வந்தது. மூன்றாம் வருஷ பிஎஸ்சியில் சைக்கியாட்ரி போஸ்டிங் அங்கேதான், 1794இல் தொடங்கிய ஆஸ்பத்திரி. ஒவ்வொருத்தியும் ஒரு பேஷன்ட்டோடு பேசி, அவர் சொன்னது, நான் சொன்னது, அதன் அர்த்தம் என்று கட்டம் போட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். பிராசஸ் ரெக்கார்டிங். உண்மையைச் சொல்கிறேன், நாங்கள் பாதிப் பேர் அதை ஹாஸ்டலில் உட்கார்ந்து கற்பனையில் எழுதினோம். எனக்கு ஒதுக்கியிருந்த அம்மா தினமும் “சாப்டியா?” என்று கேட்பார். நான் சாப்பிட்டேன் என்பேன். அதோடு சரி. அதை எழுதினால் மார்க் வராது என்று நானே மூன்று பக்கம் சோகக்கதை கட்டினேன். அவர் உண்மையில் என்ன சொல்ல வந்தார் என்று இன்றைக்கு வரை தெரியாது, ஏனென்றால் திருப்பி “நீங்க சாப்டீங்களா?” என்று நான் கேட்கவே இல்லை.

இங்கே வகுப்பில் ஹில்டகார்ட் பெப்ளாவ் பற்றி வந்தது. மனநல நர்சிங்கில் இந்த உரையாடல் குறிப்பு முறையை நிலைநாட்டியவர் அவர். பேஷன்ட்டுக்கும் நர்ஸுக்கும் நடுவில் இருக்கிற உறவுதான் சிகிச்சை என்று அவர் எழுதிய புத்தகம் 1948லேயே முடிந்துவிட்டதாம், ஒரு நர்ஸ் டாக்டர் பெயர் இல்லாமல் தனியாகப் புத்தகம் எழுதுவதா என்று இழுத்தடித்து 1952இல்தான் வந்தது. 1950களில் ரட்கர்ஸில் மனநல நர்சிங்குக்கென்றே மாஸ்டர்ஸ் படிப்பைக் கட்டியெழுப்பியதும் அவரே. உன் நியூஜெர்சிதான் தங்கச்சி. கீழ்ப்பாக்கத்தில் நான் ஏமாற்றி எழுதிய கட்டங்கள் அந்த அம்மாவிடமிருந்து வந்தவை என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

2024 ஆகஸ்ட் 3

சின்னக் குறிப்பு. ஆகஸ்ட், ஹூஸ்டன், கூரை வேலை செய்பவர், லித்தியம் சாப்பிடுகிறார். எழுதும்போது கை நடுங்குது, வயிறு சரியில்லை என்று வந்தார். ரத்தத்தில் லித்தியம் 0.6இலிருந்து 1.2க்குள் இருக்க வேண்டும். அவருக்கு 1.6. மாத்திரையைக் கூடுதலாகப் போடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறார், அது உண்மையும்கூட. போன தடவை கம்மில் அடிபட்ட சூடு இருந்ததால் இந்தத் தடவை கேட்டேன்: கடையில் வாங்கி என்னவெல்லாம் போடுகிறீர்கள்? முழங்கால் வலிக்கு ஐபுப்ரோஃபென், தினமும் மூன்று வேளை, இரண்டு வாரமாக. அதோடு வெயிலில் வியர்வை. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அவரை அவசரப் பிரிவுக்கு அனுப்பினோம். அன்றைக்கு பிரிசெப்டர் மதியச் சாப்பாட்டைத் தன் காசில் வாங்கிக் கொடுத்தார், அதுதான் மார்க்.

2024 அக்டோபர் 19

இதை எழுதலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தமிழ் அம்மா. தூக்கம் இல்லை, நெஞ்சை அடைக்குது, பாதம் எரியுது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார். அம்மா நாலு நிமிஷம் பேசுகிறார், மகன் “தூக்கம் வரலையாம்” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்கிறார். பிரிசெப்டர் என்னைப் பார்த்தார். வீட்டு ஆளை வைத்து மொழிபெயர்க்கக்கூடாது என்பது விதி, அதற்கான காரணத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மகனை வெளியே காத்திருக்கச் சொன்னோம்.

பிஎச்க்யூ9 என்று ஒன்பது கேள்விப் படிவம். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா. நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். “போய்ச் சேர்ந்தா தேவலைதான்” என்றார் அம்மா, சர்வசாதாரணமாக.

பிரிசெப்டர் ஆமாவா இல்லையா என்று கேட்கிறார். நான் முழிக்கிறேன். எங்கள் அப்பத்தா தினமும் விளக்கு வைத்தவுடன் ‘எமன் எங்க போய்த் தொலஞ்சான்’ என்பார், தொண்ணூற்று ஒன்று வரை நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்தார். நம்ம ஊரில் இது அலுப்பு, கோபம், மருமகள் காதில் விழட்டும் என்பதற்காக, சில சமயம் வெறும் பெருமூச்சு. படிவத்தில் பெருமூச்சுக்குக் கட்டம் இல்லை. வெறும் சொலவடைதான் என்று நானே முடிவு கட்டி ‘இல்லை’ என்று சொல்லியிருக்க முடியும், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தமிழ் தெரிந்ததுதான் அங்கே ஆபத்து.

மறுபடி கேட்டேன். “போய்ச் சேரணும்னு தோணுறதோட நிக்குதாம்மா? இல்ல, எப்படிப் போறதுன்னும் யோசிச்சிருக்கீங்களா?”

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். நாலு செகண்ட் இல்லை, நிமிஷக் கணக்கில். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னார், யோசித்தேன் என்று. மகனுக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

அதன் பிறகு செய்ய வேண்டியதெல்லாம் படித்தபடி நடந்தது. பாதுகாப்புத் திட்டம், மகனை உள்ளே அழைத்துப் பேச அம்மாவின் சம்மதம், வீட்டில் எதை அப்புறப்படுத்துவது, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எப்போது அழைப்பது, தைராய்டு ரத்தப் பரிசோதனை, குறைந்த அளவில் மருந்து, ஒரே வாரத்தில் மறுபடி வருகை. இப்போது நன்றாக இருக்கிறார். ஊருக்குத் திரும்பிவிட்டார், அங்கே பார்க்கவும் ஏற்பாடாகிவிட்டது. போகும்போது என்னிடம் “சாப்டியாம்மா?” என்று கேட்டார். இந்தத் தடவை திருப்பிக் கேட்டேன்.

2024 டிசம்பர் 14

612 மணி நேரம், முடிந்தது.

அந்த டாக்டர் ஐயா இன்னும் இதைப் படிக்கிறாரா தெரியாது. கவுண்டிகளைப் பற்றி நான் சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு முள் இருந்தது, அன்றைக்குக் கோபத்தில் பிடுங்கி எறிந்தேன். 600 மணி போதவில்லை. குழந்தைகளோடு எனக்குக் கிடைத்தது 90 மணிதான். லைசென்ஸ் என்னவோ பிறந்த குழந்தை முதல் பாட்டி வரை எல்லா வயதுக்கும் சேர்த்துத் தருகிறார்கள். 750 இல்லையென்று குதித்தேனே, மேலே போய்ப் பாருங்கள், அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2025 மார்ச் 2

குளோசபைன் என்கிற மனநோய் மருந்து சாப்பிடுபவர்களுக்கு வெள்ளணு குறையலாம். அதனால் முதல் ஆறு மாதம் வாராவாரம், அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கொருமுறை, பிறகு மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். ஆரம்பிக்க நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு வகை 1,500 இருக்க வேண்டும். எண்ணிக்கையைத் தேசியப் பதிவேட்டில் ஏற்றினால்தான் மருந்துக்கடை மாத்திரை தரும் என்று இருந்தது. இந்தப் பதிவேட்டு விதிகளை ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன். போன வாரம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, அந்தப் பதிவேட்டுக் கட்டாயம் இனி வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. ரத்தப் பரிசோதனை அப்படியே இருக்கும், போவது பதிவேடு மட்டும். பேஷன்ட்டுகளுக்கு நல்ல செய்தி, பலருக்குக் காகித வேலையால்தான் அந்த மருந்தே கிடைக்காமல் போனது. எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

2025 ஏப்ரல் 26

பாஸ். 500க்கு 350 எடுத்தால் பாஸ், எவ்வளவு எடுத்தேன் என்று கேட்காதீங்க.

தேர்வு மையத்தில் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள், நகை எதுவும் கூடாது, கல்யாண மோதிரம் மட்டும் போகலாம் என்றார்கள். தாலிச் சங்கிலியைக் காட்டி, எங்களுக்கு இதுதான் மோதிரம் என்றேன். மேலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளே போட்டுக்கொள் என்றார். மூன்றரை மணி நேரத்தில் நானாக மறந்த ஒரே பதற்றம் அதுதான்.

2025 ஜூலை 19

பாஸ் பண்ணினால் மறுநாள் மாத்திரை எழுதலாம் என்று நினைப்பவர்களுக்கு. மாநில லைசென்ஸ் வேண்டும். கட்டுப்பாட்டு மருந்துகளுக்குப் போதைப்பொருள் தடுப்புத் துறையான டிஇஏ தருகிற எண் வேண்டும், அதற்குப் போதைப் பழக்கச் சிகிச்சையில் 8 மணி நேரப் பயிற்சி முடித்ததாக உறுதி கொடுக்க வேண்டும், 2023 ஜூனிலிருந்து இது சட்டம். டெக்ஸாஸில் கூடுதலாக ஒரு டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் மருந்தே எழுத முடியும், மாதாமாதம் அவரோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். பக்கத்து நியூ மெக்சிகோவில் இது எதுவும் தேவையில்லை. ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) குழந்தைகளுக்கான ஊக்க மருந்துகளை இங்கே ஒரு சாதாரண கிளினிக்கில் என்பி எழுதவே முடியாது. ஆஸ்பத்திரி, ஹாஸ்பிஸ் (கடைசிக்காலப் பராமரிப்பு) மாதிரி சில இடங்களில்தான் முடியும். அதனால் பையனிடம் ஒரு மணி நேரம் நான் பேசுவேன், கையெழுத்து டாக்டருடையது. ஒப்பந்தத்துக்கு மாதக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. என்னுடைய டாக்டர் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

2025 நவம்பர் 8

கேள்வி கேட்ட பொள்ளாச்சித் தங்கச்சி இரண்டே முக்கால் வருஷம் கழித்து வந்திருக்கிறாள். இன்னும் சேரவில்லையாம். ஐசியூவை விட்டுவிட்டு மனநல வார்டுக்கு மாற்றல் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறதாம். ‘நீங்கள் சொன்னதைக் கேட்காமல் போனதற்கு மன்னிச்சுக்கோங்க அக்கா’ என்கிறாள். நான் சொன்னதைக் கேட்காததுதான் நல்லது. 2023 பிப்ரவரி 12இல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அனுபவம் வேண்டும். பைத்தியம் முற்றிய ஒருவர் கத்தும்போது எவ்வளவு தள்ளி நிற்பது, கதவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எப்போது சும்மா இருப்பது என்பதெல்லாம் 600 மணியில் வராது, வார்டில் உடம்பில் ஏறுவது. (‘பைத்தியம்’ என்ற சொல்லுக்கு யாராவது அடிப்பதற்கு முன் நானே திருத்திக்கொள்கிறேன்: மனநோய்.)

சம்பளம்: தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் 2024இல் ஆர்என் நடுமட்டம் வருஷத்துக்கு 93,600 டாலர், என்பிக்கு 1,29,210. எல்லாத் துறை என்பிக்கும் சேர்த்து. நைட் அலவன்ஸும் ஓவர்டைமும் வாங்குகிற நியூஜெர்சி ஐசியூ நர்ஸுக்கு இந்த இடைவெளி நினைப்பதைவிடச் சின்னது. கடன் வாங்குவதாக இருந்தால் 2026 ஜூலை 1ஐ மனதில் வை: புதிதாகச் சேருபவர்களுக்கு, மேற்படிப்புக்கு அரசு கூடுதலாகத் தருகிற கிராட் பிளஸ் கடன் நின்றுபோகிறது, மாஸ்டர்ஸ் படிப்புக்குப் பொதுவாக வருஷம் 20,500 டாலர்தான் அரசுக் கடன், மொத்தம் ஒரு லட்சம்.

எந்தக் காலேஜ் என்று கேட்டிருக்கிறாய். பெயர் சொல்ல மாட்டேன். போன் போட்டு, பிரிசெப்டரை யார் பிடிப்பது என்று ஒரே கேள்வி கேள். ‘நாங்கள்’ என்றால் எழுத்தில் கேள். ‘நாங்கள் உதவுவோம்’ என்றால் போனை வை, எக்செல் ஷீட் வரும்.

வீட்டிலிருந்து வீடியோவில் பார்ப்பது பற்றி: வாரத்தில் இரண்டு நாள் எனக்கு அப்படித்தான். கால் ஆடுகிறதா என்று திரையில் தெரியாது, எழுந்து நிற்கச் சொல்லி போனைக் கீழே சாய்க்கச் சொல்வேன். வாயில் என்ன இருக்கிறது என்றும் கேட்பேன், சிரிக்கிறார்கள். இடுப்பு? உட்கார்ந்தே இருப்பதால் இப்போது கழுத்து வலி.

2025 நவம்பர் 9

ஹூஸ்டன் பக்கம் படிக்கிற மூன்று பேர் என்னைப் பிரிசெப்டராக இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருஷமாவது என்பியாக வேலை பார்த்திருக்க வேண்டும் என்று உங்கள் காலேஜ் சொல்லும், எனக்கு அது வரும் ஜூலையில்தான் முடிகிறது. அதுவரை ஒருவரை மட்டும் சனிக்கிழமைகளில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டுப் பார்க்கிறேன், அந்த நேரம் உங்கள் கிளினிக்கல் மணிக்கணக்கில் சேராது. கிளினிக் சேர்மன் அறைக்கு வெளியே காபி இயந்திரம் இருக்கிறது. மெயில் அனுப்பாதீங்க, நேரில் வாங்க.